பொத்தான அமுக்குனா தண்ணி வரோணும் கண்ணு

முதலாளி மனசு குளுந்து, உன்ற பில்லுக் காசு ஒரே தவணையில வரோணும்னா வழி ரொம்பச் சுலுவு கண்ணு. நீ வரையற பம்பு கம்பெனிக் காட்சி மண்டபத்துல, வாசல்ல நொழைஞ்சதும் செவுரு முழுக்க எல்.இ.டி. திரை. அதுல பூமி உருண்டை ஒண்ணு நெதானமாச் சுத்தோணும். அதுமேல நீலச் சொட்டு ஒண்ணு விழுகோணும். விழுந்த எடத்துல இருந்து பச்சை கெளம்பி, கெணறு வத்திப்போன நாட்டுல எல்லாம் நெல்லு வெளையோணும். அக்கட்டால திரும்புனா முதலாளியோட தாத்தா, வெளிச்சத்துலயே செஞ்ச ஆறடி உருவமா நின்னு, கையெடுத்துக் கும்புட்டு இங்கிலீசுல பேசோணும். பாவம், அந்தப் பெரியவரு உசுரோட இருந்தப்ப எதுத்தாப்புல நிக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுனதில்ல. செத்த பொறவு மணிக்கு ஒருக்காப் பேச வெக்கறீங்க.

அதுக்கு அடுத்தாப்ல 'எங்கள் பயணம்'னு ஒரு நீளச் செவுரு. எந்த வருசம் பட்டறை ஆரம்பிச்சுது, எந்த வருசம் ரெண்டாவது யூனிட்டு, எந்த மந்திரி வந்து ரிப்பன் வெட்டுனாரு. அதை வெளியாளு ஒருத்தரும் படிக்கப் போறதில்ல. ஆனா பங்காளிக அத்தனை பேரும் வருவாங்க. அவங்கவங்க அய்யன் போட்டோ இருக்குதான்னு தேடுவாங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் ராத்திரி உனக்குத்தான் போனு. கடைசியா, செல்ஃபி எடுக்கத் தங்கக் கலருல ஒரு பம்பு நிறுத்திரு. திறப்பு விழாவுல உனக்குச் சால்வை உறுதி. பத்து மாசம் கழிச்சு அந்த எடத்துல அட்டைப்பொட்டி அடுக்கி வெச்சுருப்பாங்க. அது உன்ற சோலி இல்லையே. அதுக்குள்ளார நீ இன்னொரு கம்பெனிக்கு இன்னொரு பூமி உருண்டையைச் சுத்த வெச்சுட்டு இருப்பே.

இது போதும்னா எந்திரிச்சுப் போ, பஸ்சுக்கு நேரமாச்சு. போகாம உக்காந்திருக்கறதைப் பாத்தா உள்ளுக்குள்ள எங்கயோ உறுத்துதுன்னு தெரியுது. செரி, கேளு.

நீ திரையில காட்டுன படத்தையெல்லாம் அப்புச்சி நல்லாத்தான் பாத்தேன். கண்ணுதான் மங்கல், கவனம் மங்கல. ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்டுல மெர்சிடிஸ் பென்ஸ்காரன் 2006-ல தொறந்த மியூசியத்தைக் காட்டுனயே. வந்தவங்களை லிஃப்டுல ஏத்தி உச்சிக்குக் கொண்டுபோயி, அங்கருந்து சுத்துப்பாதையில கீழ எறக்கறான்னு கட்டட அழகை மட்டும் சொன்னே. உச்சியில கதவு தொறந்ததும் மொதல்ல என்ன நிக்குதுன்னு நீ சொல்லல, படத்துல நானே பாத்தேன். காரு இல்ல, குதிரை. வெள்ளைக் குதிரை ஒண்ணு. உலகத்துக்கே காரு வித்தவன், தான் வர்றதுக்கு முன்னால சனங்க எதுல போனாங்கங்கறதைக் காட்டிட்டுத்தான் 1886-க்கு வர்றான். அவனுக்கு அது கவுரவக் கொறைச்சலாப் படல.

உங்க கம்பெனிக்கு முன்னால என்ன இருந்துச்சு? கவலை. ரெண்டு மாடு, வடக்கயிறு, சாலு, தோல் தும்பி. கோழி கூப்புட எந்திரிச்சுப் போயி, பொழுது ஏறுற வரைக்கும் மாட்டை முன்னால ஓட்டி, பின்னால நடத்தி எறைச்ச தண்ணியில ஒரு வயக்காடு நனையும். அந்தச் சாலை வாசல்லயே தொங்க விடு. பக்கத்துல ஒரு வடத்தைக் கட்டி, வந்தவங்களை இழுக்கச் சொல்லு. மாடு இழுக்கற பாரம் வெச்சீன்னா உங்க ஐ.டி. பசங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும். நாலுல ஒரு பங்கு போதும். இழுத்தா நெசமாலுமே தண்ணி மேல வந்து வாய்க்கால்ல கொட்டோணும். பக்கத்துலயே ஒரு சுச்சு. அதைத் தட்டுனா சின்ன மோட்டாரு ஒண்ணு அதே தண்ணியை, மூச்சு வாங்கற நேரத்துக்குள்ள ஊத்தீரோணும். 'புரட்சி', 'மாற்றம்'னு எந்தப் பலகையும் வேண்டாம். கை செவந்தவனுக்குத் தெரியும்.

ஜப்பான்ல நகோயாவுல டொயோட்டாக்காரன் 1994-ல தொறந்தது எனக்கு இன்னும் எச்சாப் புடிச்சுது. காருக்காரன் வீட்டுல நொழைஞ்சா வட்டத் தறி நிக்குது, 1906-ல சாகிச்சி டொயோடா கண்டுபுடிச்சது. அவங்க ஆதியில தறி மிசின் செஞ்ச குடும்பம். நெசவுக்காகக் கட்டுன பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காம அதுக்குள்ளயே வெச்சுருக்கறாங்க. பஞ்சுல இருந்து கையால நூலு எப்பிடித் திரிச்சாங்கன்னு ஆளுக நின்னு செஞ்சு காட்டறாங்க. 1924-ல வந்த ஜி டைப் தறியை ஓட்டிக் காட்டறாங்க. ஒரு பாவு நூலு அறுந்தாலும் தறி தானா நின்னுக்கும். நீ அதைப் பாத்துட்டு 'செங்கல் டெக்ஸ்ச்சர் அருமை அப்புச்சி'ன்னு சொன்னே பாரு, அப்பத்தான் உனக்குப் பொண்ணு பாக்கறதை இன்னும் ரெண்டு வருசம் தள்ளிப் போடலாம்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன். மிசின் ஓடுதுடா. அதுதான் அங்க காட்சி.

உன்ற வரைபடத்துல எத்தனை பம்பு இருக்குதுன்னு எண்ணிப் பாத்தேன். நெறைய இருக்குது. எல்லாம் கண்ணாடிப் பொட்டிக்குள்ள, அடியில லைட்டு போட்டு, நகைக்கடை நெக்லஸ் கணக்கா. ஓடறது ஒண்ணு கூட இல்ல. பம்பு கம்பெனி கட்டுற மண்டபத்துல சொட்டுத் தண்ணி இல்ல, படத்துல மட்டும் அருவி கொட்டுது. கேட்டா 'தண்ணி வெச்சா லீக்காகும், தரை வழுக்கும், மெயின்டனென்ஸ்'ங்கறே. அதைக் கேட்டுட்டு இருந்த உங்க அம்மாயி, 'பம்பு செய்யறவங்களுக்கே லீக்கை நிறுத்தத் தெரியாதா'ன்னு கேட்டாளே, அதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

வந்தவங்க குடிக்கறதுக்குப் பாட்டில் தண்ணி வாங்கி வெக்கறதா வேற செலவுப் பட்டியல்ல போட்டிருக்கறே. உங்க பம்புல ஏத்துன தண்ணியை வடிகட்டி ஒரு கொழாயில விட்டா என்னவாம்?

அந்தத் திரைப் படத்துல '2050-ல் உலகம்'னு ஒண்ணு வருதே, அதையும் கேட்டுக்கறேன். 1939-ல நியூயார்க் உலகப் பொருட்காட்சியில ஜெனரல் மோட்டார்ஸ்காரன் 1960-ம் வருச அமெரிக்காவைப் பொம்மை ஊராச் செஞ்சு, சனங்களை நகருற நாற்காலியில உக்கார வெச்சுக் காட்டுனான்னு நீதான் சொன்னே. வெளிய வர்றப்ப 'எதிர்காலத்தைப் பாத்துட்டேன்'னு சட்டையில குத்திக்க ஒரு வில்லையும் குடுத்தான். அவன் காட்டுனது என்ன? ஊருக்கு ஊரு அகல அகல ரோடு. ரோடு வந்தாத்தானே காரு விக்கும்! அவன் ஜோசியம் சொல்லல, யாவாரம் பண்ணுனான். உன்ற 2050-ல பறக்குற வண்டியும் கண்ணாடிக் கோபுரமும் வருது, பம்பு எங்க வருது? அந்தக் கோபுரத்து மாடிக்குத் தண்ணி யாரு ஏத்தறா?

இன்னொண்ணு. நீ படிச்ச அகமதாபாத் டிசைன் பள்ளிக்கூடம் 1961-ல வந்துச்சு. அதுக்கு அடித்தளமா 1958-ல ஒரு அறிக்கை எழுதிக் குடுத்தது சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்ங்கற அமெரிக்கப் புருசன் பொண்டாட்டி. அவங்க நம்ம நாட்டுச் சொம்பைப் பாத்துச் சொக்கிப் போனதை அதுல எழுதியிருக்கறாங்கன்னு லீவுக்கு வந்தப்பல்லாம் நீ பெருமை பேசுவே. அதே ஆளுகதான் 1961-ல ஐ.பி.எம். காசுல, கணக்கைப் பத்தி லாஸ் ஏஞ்சலீசுல 'மேத்தமேட்டிகா'ன்னு ஒரு காட்சி வெச்சாங்க. ஆணி ஆணியா நட்ட பலகைக்கு மேல இருந்து உருண்டைகளைக் கொட்டுவாங்க. ஒவ்வொண்ணும் இடமோ வலமோ தட்டுப்பட்டு அதும்போக்குல விழும். ஆனா அடியில போயிக் குமியறது மட்டும் எப்பவும் மணி வடிவத்துலதான். வெச்ச நாளுல இருந்து அறுவது வருசம் தாண்டீருச்சு. அந்த உருண்டைகளுக்கு சாப்ட்வேர் அப்டேட்டு வேண்டியதில்ல, பாஸ்வேர்டு மறக்கறதில்ல. நீ வாங்கச் சொல்லியிருக்கற டச் ஸ்கிரீன் அத்தனை வருசம் வேண்டாம், அடுத்த ஆடி நோம்பி வரைக்கும் தாங்குமா?

நான் டச் ஸ்கிரீனுக்கு எதிரி இல்ல கண்ணு. பேங்குல, ரேசன் கடையில எல்லாந்தான் தொட்டுக்கிட்டு இருக்கறேன். ஆனா அவுங்கவுங்க பையிலயே ஒண்ணு வெச்சுருக்கறவங்களை நாப்பது மைலு வரவழைச்சு, இன்னொண்ணைத் தொடச் சொல்றது எந்த ஊரு உபசாரம்?

அப்பறம் அந்தக் கண்ணுல மாட்டற பொட்டி. போர்க்குழிக்குள்ள ஆயிரம் அடி எறங்கறாப்புல காட்டுமாமா. மாட்டுனவன் சாமி வந்தவனாட்டம் கையை ஆட்டிக்கிட்டு நிக்கறான். அவனுக்கு என்ன தெரியுதுன்னு அக்கம்பக்கத்துல இருக்கற ஒருத்தருக்கும் தெரியல. குடும்பமா வந்தவங்க முறை வெச்சுக் காத்திருக்கறாங்க. சித்திரை மாசத்துல நாலு பேரு மாட்டிக் கழட்டுன வேர்வை நாத்தத்தோட அஞ்சாவது ஆளுக்கு அதை நீ மாட்டி விட்டுப் பாரு. ஒரு காட்சியைப் பாத்துட்டு பக்கத்தாளு தோளைத் தட்டி 'அங்க பாருய்யா'ன்னு சொல்ல முடியலீன்னா, அது நோம்பிக்கு ஆகாது.

செரி, குத்தம் சொன்னது போதும்னு உன்ற மூஞ்சி சொல்லுது. நான் என்னத்தை வெப்பேன்னு கேக்கறயா?

மொதல்ல, வர்றது யாருன்னு பாரு. 'முதலீட்டாளர், வெளிநாட்டு வாடிக்கையாளர், முக்கியப் பிரமுகர்'னு எழுதியிருக்கறே. அவங்க வருசத்துக்கு நாலு தடவை வருவாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால கெளம்பீருவாங்க. நெதமும் வர்றது டீலரு வேன் வெச்சுக் கூட்டியாற வெவசாயி, போர் மெக்கானிக்கு, பாலிடெக்னிக் பசங்க, ஷிப்டு முடிஞ்சு எட்டிப் பாக்கற பீகாருக்காரப் பையன், சம்சாரம் கொழந்தையோட வர்ற ஃபிட்டரு. இவங்க கை சும்மா இருக்காது. கழட்டி மாட்டிப் பழகுன கை. அந்தக் கைக்குச் சோலி குடு.

உங்க கட்டடத்துல மாடிப்படி மூணு மாடிக்குப் போகுதுல்ல? அந்தப் படிக்கட்டுச் சந்துல, அடியில ஒரு தொட்டி வெச்சு, அதுல இருந்து உச்சி வரைக்கும் கண்ணாடியாத் தெரியற கொழாய் ஒண்ணை நட்டு வெய்யி. மேல காத்தை உறிஞ்சற பம்பு. வந்தவங்க பொத்தானை அமுக்குனா தண்ணி ஏறும். மொத மாடி தாண்டும், ரெண்டாவது மாடி தாண்டும். கொழந்தைக கத்திக்கிட்டே படியேறி அது கூடவே ஓடும். முப்பது முப்பத்தோரு அடியில தண்ணி நின்னுக்கும். மேல நொரை தட்டும், ஏறாது. இன்னும் பெரிய மோட்டாரு போட்டாலும் ஏறாது. 10 எச்.பி. போட்டாலும் ஏறாது. கடல் மட்டத்துல இந்தக் கணக்கு 10.3 மீட்டரு, கோயமுத்தூரு நானூறு மீட்டரு மேட்டுல இருக்கறதால நமக்கு அரை மீட்டரு நட்டம், நம்ம வெயிலுக்குத் தண்ணி சூடேறுனா இன்னுங் கொஞ்சம் நட்டம். கலிலியோ 1638-ல வந்த பொஸ்தகத்துல, உறிஞ்சு பம்பு 18 முழத்துக்கு மேல தண்ணி தூக்காதுன்னு எழுதியிருக்கறாரு. தண்ணியைத் தூக்கறது பம்பு இல்ல, வெளிய இருக்கற காத்தோட பாரம்னு வெளக்கினது அவருக்குப் பின்னால வந்த டோரிசெல்லி.

ஆனா இதை நம்மூருக்காரனுக்கு எந்த இத்தாலிக்காரனும் சொல்லித் தரல. பைகாரா கரண்டு 1930-கள்ல வந்து, பொறவு ஊரூரா மோட்டாரு வந்து, தண்ணி கீழ போகப் போக மோட்டாரையும் கெணத்துக்குள்ள எறக்குனோம். கெணத்துப் பக்கவாட்டுல பாறையைக் குடைஞ்சு ஒரு மேடை, பத்து வருசத்துல அதுக்குக் கீழ இன்னொரு மேடை. மழை வந்து கெணறு ரொம்புனா ராத்திரியோட ராத்திரியா கயிறு கட்டி மோட்டாரைத் தூக்கோணும், இல்லீன்னா முழுகீரும். இப்பவும் கொங்கு நாட்டுப் பழைய கெணத்தை எட்டிப் பாத்தீன்னா அந்தக் காலி மேடைக வரிசையாத் தெரியும். அந்தக் கெணத்துப் போட்டோ ஒண்ணை படிக்கட்டுச் சந்துல, கண்ணாடிக் கொழாய்க்குப் பக்கத்துலயே, அடிக்கு அடி சரியா வர்றாப்புல ஒட்டு. உங்க கம்பெனிக்காரன் எதுக்காக மோட்டாரைத் தண்ணிக்குள்ளயே முக்கற சப்மெர்சிபிள் செய்ய வேண்டி வந்துச்சுங்கறது, வாயைத் தொறக்காம வெளங்கீரும். உன்ற பயணச் செவுரை இது தின்னுரும்.

ரெண்டாவது. ஓடற மோனோபிளாக் பம்பு ஒண்ணு, டெலிவரியில கேட் வால்வு, பக்கத்துல எல்லாருக்கும் தெரியறாப்புல பெரிய ஆம்ஸ் மீட்டரு. 'வால்வை மூடுனா ஆம்ஸ் ஏறுமா எறங்குமா?'ன்னு மட்டும் எழுதி வெய்யி. பத்துக்கு எட்டுப் பேரு ஏறும்பாங்க. தடுத்தா மோட்டாரு திணறும்னுதானே மனசு சொல்லும்? மூடிப் பாக்கட்டும். முள்ளு எறங்கும். இந்த வகைப் பம்புல தண்ணி போகலீன்னா வேலை இல்ல, வேலை இல்லீன்னா இழுக்கற கரண்டு கம்மி. எஞ்சினீயரிங் காலேசு பையன் ஒருத்தன் அங்க நின்னு திருதிருன்னு முழிப்பான் பாரு, அதுக்காகவே நான் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். ஒண்ணு மட்டும் பாத்துக்க: மூடுன வால்வு கொஞ்ச நேரத்துல தானா தொறந்துக்கோணும். அப்பிடியே உட்டுட்டுப் போனாங்கன்னா உள்ளார இருக்கற தண்ணி கொதிச்சுரும்.

மூணாவது, காதுக்கு. ஒரு சின்ன ரூமு, உள்ள இருட்டு. அஞ்சாறு சத்தம். பேரிங் போன சத்தம். மும்முனைக் கரண்டுல ஒரு பேசு இல்லாம மோட்டாரு உறுமுற சத்தம். உறிஞ்சற பக்கம் தண்ணி பத்தாம, உள்ளுக்குள்ள ஜல்லி உருளற சத்தம். ஃபுட் வால்வு நிக்காம தண்ணி எறங்கிப் போயி, வெறுங்காத்துல சுத்தற சத்தம். எது என்னன்னு சொல்லோணும். இந்தப் போட்டியில உங்க எம்.டி. தோத்துருவாரு, உங்க மார்க்கெட்டிங்கு மேனேஜரு தோத்துருவாரு. சுல்தான்பேட்டையில இருந்து வந்த வெவசாயி, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, ரெண்டாவது நொடியில சொல்லுவான். அவன் ஊருக்குப் போயி ஒரு மாசத்துக்கு இதையேதான் பேசிட்டு இருப்பான். வெளம்பரம்னு நீங்க சொல்றீங்களே, அது இதுதான், காசில்லாம.

இப்ப வர்றதுதான் உனக்குச் சண்டை வாங்கித் தரப்போற எடம். எரிஞ்ச காயிலுக்கு ஒரு செவுரு.

ஏண்டா முழிக்கறே? உங்க கம்பெனியில ரிட்டர்ன் வந்த மோட்டாரு குமிஞ்சு கெடக்கும், எந்தக் கம்பெனியிலயும் கெடக்கும். அதுல பத்தைப் பொறுக்கி, அறுத்து, செவுத்துல மாட்டு. ஒரு பேசு போயி எரிஞ்சதுன்னா காயில்ல ஒரு பகுதி கரியா இருக்கும், பக்கத்துல இருக்கறது புதுசு மாதிரி மினுங்கும். ஓவர்லோடுல எரிஞ்சா மொத்தமும் ஒரே கருப்பு. தண்ணி இல்லாம ஓடுன சப்மெர்சிபிளுக்கு புஷ்ஷு தேஞ்சு தண்டு ஆடும், ஏன்னா அதுக்குத் தண்ணிதான் எண்ணெய். மணல் வர்ற போர்ல கெடந்த இம்பெல்லரு வெளிம்பு பிளேடு கணக்கா மெலிஞ்சுருக்கும். ஒவ்வொண்ணுக்கும் அடியில ரெண்டு வரி: எப்பிடிச் செத்துச்சு, எப்பிடிக் காப்பாத்தியிருக்கலாம். பக்கத்துல ஓடற மோட்டாரு ஒண்ணு, வோல்டேஜைக் கொறைக்கற சக்கரம் ஒண்ணு. 415-ல இருந்து அப்பிடியே திருகிக்கிட்டு வரச் சொல்லு. வோல்டேஜ் எறங்க எறங்க ஆம்ஸ் ஏறறதை அவனே பாக்கட்டும். எந்த எடத்துல உங்க பேனல் போர்டு 'போதும்'னு கட் பண்ணுதுன்னும் பாக்கட்டும்.

'எங்க மோட்டாரு எரியும்னு நாங்களே ஒத்துக்கறதா?'ன்னு மார்க்கெட்டிங்கு மேனேஜரு எகிறுவாரு. எகிறட்டும். மோட்டாரு எரியும்ங்கற ரகசியம் அவருக்கு மட்டுந்தான் ரகசியம். ரீவைண்டிங் கடை இல்லாத டவுனு இந்த நாட்டுல உண்டா? 'எரியவே எரியாது'ன்னு சொல்றவனை வெவசாயி நம்பறதில்ல. 'இன்ன காரணத்துல எரியும், அதுக்கு இன்னது செஞ்சு வெச்சுருக்கறோம்'னு சொல்றவன்கிட்டத்தான் அடுத்த கேள்வி கேப்பான். இன்னொண்ணையும் அவருகிட்டச் சொல்லு. கரண்டு மிச்சம்னு நட்சத்திரம் நட்சத்திரமா ஒட்டி வெச்சுருக்கறீங்களே, அதை பேக்டரி முதலாளிகளுக்குக் காட்டுங்க. வெவசாயத்துக்கு 1990-ல இருந்து இலவசக் கரண்டு. பில்லே வராதவன்கிட்ட பில்லு கொறையும்னு சொன்னா மரியாதைக்குத் தலையாட்டுவான். அவன் கவலையெல்லாம் ராத்திரி மும்முனைக் கரண்டு எப்ப வரும், வந்தா மோட்டாரு தாங்குமாங்கறதுதான்.

இந்தச் செவுரை வெச்சீங்கன்னா மிச்சத்துக்கு எதையும் வெக்காட்டியும் பரவால்ல. ஒத்தக் காலுல நின்னு சொல்லுவேன்.

மணல் அச்சு ஒண்ணு இருந்தா நல்லதுதான். ஈரமணல்ல இம்பெல்லரு பேட்டர்னை அமுக்கி எடுத்தா, கொழந்தைக அதை உட்டுட்டு வீட்டுக்கு வராது. உருக்கு ஊத்த வேண்டாம், மணலே போதும். கணபதியிலயும் சிட்கோவுலயும் வார்ப்படப் பட்டறைக்குள்ள நடக்கறதை, ஊருக்குள்ள இருக்கறவங்களே பாத்ததில்ல.

நம்மூருக்கு இதெல்லாம் ஒண்ணும் புதுசில்ல கண்ணு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்சு உட்டு ஆரம்பிச்ச ஜி.டி.நாயுடு, 1937-ல உள்நாட்டுலயே செஞ்ச மோட்டாரைக் கொண்டு வந்த கூட்டத்துல ஒருத்தரு. அவரு ஊரூராச் சுத்திச் சேத்த மிசினுக, அவரு செஞ்ச சவரக் கத்தி எல்லாம் இன்னிக்கும் அவிநாசி ரோட்டுல பொருட்காட்சியா இருக்குது. போயி ஒரு நாள் முழுக்க நில்லு. வர்ற ஆளுக எதுக்கு முன்னால நின்னு வாயைப் பொளக்கறாங்க, எதைத் திரும்பிக்கூடப் பாக்காம போறாங்கன்னு எழுதிக்கிட்டு வா. பெங்களூரு ஏஜென்சிக்காரன் குடுக்கற சர்வே ரிப்போர்ட்டுக்கு ஆகற காசுல உனக்கு வண்டிச் செலவு மிஞ்சும்.

இனிச் சில்லறை விசயம். வேகமாச் சொல்லீர்றேன். பொத்தானை அமுக்குனா உடனே ஏதாவது நடக்கோணும். ரெண்டு மூச்சு தாமசமானாலும் அடுத்தடுத்து அமுக்குவான், அப்பறம் குத்துவான். ஒரு பலகையில அம்பது வார்த்தைக்கு மேல எழுதாதே; தமிழை மேல போடு, இங்கிலீசைக் கீழ போடு, தமிழை இங்கிலீசுல இருந்து மொழிபேத்து எழுதாதே. எழுத்து எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியோணும். எட்டு எடத்துல எட்டு வீடியோ ஒட்டுக்காப் பேசுனா, ஒண்ணும் கேக்காது. ஓடற பம்பு சத்தமே மண்டபத்துக்குப் போதுமான மேளம். உக்கார பெஞ்சு போடு. செருப்பைக் கழட்டச் சொல்லாதே, பளிங்குத் தரை போட்டுட்டு அதைக் காப்பாத்த வெவசாயியை வெறுங்காலோட நிறுத்தறது அலும்பு. கரண்டு போனா மண்டபம் மொத்தமும் பொணமாகாம, கவலை வடமும் அடிபம்பும் ஓடிக்கிட்டு இருக்கோணும்.

அப்பறம் ஆளு. பளபளன்னு கோட்டு போட்டு, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கற புள்ளைகளை நிறுத்தப் போறதா எழுதியிருக்கறே. அவுங்க பாவம், 'இது ஏனுங்க சூடாகுது'ன்னு ஒருத்தன் கேட்டா உள்ள ஓடுவாங்க. உங்க கம்பெனியில ரிட்டயர்டு ஆகப் போற வைண்டரு, அசெம்பிளி ஃபிட்டரு ரெண்டு பேரை அங்க உக்கார வெய்யி. ஒரு பக்கம் கண்ணாடி போட்டுச் சின்னப் பட்டறை, அதுக்குள்ள அவங்களே கெட்டுப்போன காட்சிகளை ரிப்பேரு பண்ணட்டும், பாக்கறவங்க பாக்கட்டும். சான் பிரான்சிஸ்கோவுல அணுகுண்டு ஓப்பன்ஹைமரோட தம்பி பிராங்க் ஓப்பன்ஹைமரு 1969-ல எக்ஸ்ப்ளோரட்டோரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சப்ப, காட்சிகளைச் செய்யற பட்டறையை மறைக்காம வர்றவங்க கண்ணு முன்னாலயே வெச்சாரு. ஒடையறது அங்க வெக்கக்கேடு இல்ல, அதுவும் ஒரு காட்சி. திறப்பு விழாச் செலவுல பந்தல், பொக்கே, ட்ரோன் எல்லாத்தையும் அடிச்சுட்டு, அந்தப் பட்டறைக்கு மாசாமாசம் இவ்வளவுன்னு கையெழுத்து வாங்கிக்கோ. கட்டி முடிச்ச பொறவு கேட்டீன்னா தர மாட்டாங்க.

இதையெல்லாம் நேரா எஃகுலயும் கண்ணாடியிலயும் செஞ்சு வெச்சுட்டு முழிக்காதே. அட்டையில, மூங்கில்ல, பி.வி.சி. பைப்புல ஒருக்காச் செஞ்சு நம்ம களத்து மேட்டுல வெய்யி. வாரச் சந்தைக்கு வர்றவங்களைக் கூப்புட்டு உடலாம். உங்க அம்மாயியை மொதல்ல உடு. நீ வாயே தொறக்கப்படாது; 'இல்ல அம்மாயி, இக்கட்டால புடிக்கோணும்'னு சொன்னீன்னா அந்தக் காட்சி பெயிலு. அவ கை தானா எங்க போகுதோ அங்க கைப்புடியை வெய்யி. அவளுக்குப் பிடிக்கலீன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவா, கன்சல்டன்சி பீசும் கேக்க மாட்டா.

நானு கேப்பேன். கொட்டாயில ஒரு 5 எச்.பி. கெடக்குது, பாத்திருப்பே. போன அமாவாசைக்கு ஒரு பேசு போயி எரிஞ்சுது. ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மினுமினுன்னு, அத்தனை லட்சணமா எரிஞ்ச காயிலு உனக்கு எங்க தேடுனாலும் கெடைக்காது. அதை அப்பிடியே உன்ற செவுத்துக்கு எழுதி வெச்சுட்டேன். வெள்ளிக்கெழமை வண்டி அனுப்பி எடுத்துக்கோ. அந்த வண்டி வெறுசா வர வேண்டாம், அதுலயே புதுசு ஒண்ணைப் போட்டு அனுப்பு. ஸ்டார்ட்டரும் சேத்து.